இருபத்திரண்டாம் எண்

செந்தூலில், டயர்க் கடைக்கு மேலே
குளிர்சாதனம் சொட்டும் அறையில்
மேலாளர் தாளை என் பக்கம் தள்ளினார்.
"பையனுக்கு இருபது வயசு.
பக்கத்துல அனுபவசாலி ஒருத்தர் இருக்கணும்."
எனக்குக் கேட்டது வேறு:
விளையாட வேண்டாம்; போயும் விடாதே.
மைவிக்கு இன்னும் பதினான்கு தவணை பாக்கி.
கையெழுத்தைப் போட்டேன்.

யுகேனுக்கு நான் எதற்கு?
எந்த நாட்டுக் கோல்காவலன்
எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கிறான் என்று
கைப்பேசியில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறவன்.
பெனால்டிக்கு முன் அடிப்பவனின் இடுப்பைப் பார்க்கிறான்.
நான் இன்னமும் கண்ணைப் பார்க்கும் கூட்டம்.
அவன் தாவினால் கை நீள்கிறது,
நான் தாவினால் தரை நெருங்குகிறது.

பத்தொன்பது வயதில், கோத்தா பாருவில்,
எனக்கு முன்னால் நின்ற ரோஸ்லி
ஒரு பருவம் முழுக்க என்னிடம் பேசியது
இவ்வளவுதான்: பந்தைப் பொறுக்கு.
அப்படியும் ஆளானேன்.
அப்படி இருந்ததால்தான் ஆனேனோ,
வேறு மாதிரி இருந்திருந்தால்
இன்னும் பெரிதாய் ஆகியிருப்பேனோ,
சரிபார்க்க இன்னொரு நான் இல்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.
அவன் விழுந்து எழும் ஒவ்வொரு முறையும்
எனக்குள் எவனோ
அவன் விரல்களை எண்ணுகிறான்.
பத்தும் இருக்கின்றன என்றதும்
நிம்மதியும் ஏமாற்றமும்
ஒரே மூச்சில் வெளியேறுகின்றன.
இதை ஒப்பந்தத்தின் எந்தப் பத்தியில் எழுதுவது?

சனிக்கிழமை செராஸில்
இரண்டாவது கோல் அவன் கால்களுக்கு நடுவே போனது,
திறந்து கிடந்த கதவு வழியே பூனை போவதுபோல்
அவசரமே இல்லாமல்.
அடுத்த நிமிடம் இடி. நடுவர் ஊதினார்.
கூரைக்குள் ஓடி வந்தோம்.
நாற்பது நிமிடம் மழை.
என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.
பயிற்சியாளர் ஸுல் அந்தக் கோடியிலிருந்து
புருவத்தால் என்னைத் தள்ளினார்:
பேசு, இதற்குத்தானே சம்பளம்.

பேச்சு தயாராகத்தான் இருந்தது.
ஈப்போவில் நான் விட்ட கோல்,
மறுநாள் சந்தையில் மீன்காரன் கேட்ட கேள்வி,
சிரிக்கும் இடம், தொண்டை அடைக்கும் இடம்,
எல்லாம் குறித்து வைத்த பேச்சு.
வாய் திறக்குமுன்
தரையைப் பார்த்தபடி அவன் சொன்னான்:
"அண்ணே, எனக்குப் பதிலா
உங்கள இறக்கச் சொல்லுங்களேன்.
நான் கேட்டா கோழைன்னுடுவாங்க."

இரண்டு வருடம் வேண்டிய வரம்
கேட்காமலே மடியில் விழுகிறது.
குனிந்து பார்த்தால்
கையுறை ஏற்கெனவே என் கையில்.
எப்போது போட்டேன்?

முப்பத்தேழு வயது முழங்காலுக்கு
ஈரப் புல் என்றால் என்னவென்று தெரியும்.
அவனை நிற்க வைத்தது
அவனுக்காகவா, முழங்காலுக்காகவா,
இன்றுவரை தெரியவில்லை.
பட்டையைப் பிரித்தேன்.
சர்ரென்ற அந்தச் சத்தம்
அவனுக்கும் கேட்டிருக்கும்.
"மழை விடட்டும், பாப்போம்" என்றேன்.
விட்டதும், யாரும் சொல்லாமல், எழுந்து போனான்.

நாலுக்கு ஒன்று. தோற்றோம்.
மூன்றாவது அவன் தப்பில்லை.
நான்காவது அவன் தப்புதான்.

வீட்டில் கொண்டுவிடும் வழியில்
கூச்சாய் லாமா சிவப்பு விளக்கில்
மேலாளரிடமிருந்து செய்தி:
"பையன்கிட்ட நல்லா பேசினீங்களாம், ஸுல் சொன்னாரு.
அடுத்த வருஷமும் இருங்க."
நான் பேசியது மூன்றே சொல்.
பதில் போடவில்லை.
மறுபடி தூறல்.
என் பக்கத்து வைப்பர் மட்டும்தான் ஓடும்;
அவன் பக்கக் கண்ணாடி முழுக்கத் தண்ணீர்.
வாய் பிளந்து தூங்குகிறான்,
விரல்கள் மடியில்.
ஏழு வரை எண்ணியிருப்பேன்,
விளக்கு பச்சையாகி
பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள்.